படுத்திருந்தால் ஊசிமீன்

மெட்ராஸ் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு நெசவாளிகள். ஜன்னலோரம் இருந்தவர் மடியில் துணி சுற்றிய பட்டுப்புடவை.

"மீன் படுத்திருக்குதுன்னு புடவை வேணாங்கறாருபா."

"யாரு?"

"மெட்ராஸ்ல மீன் ஆராய்ச்சி பண்றவரு. பொண்ணு கல்யாணப் புடவைக்குக் கரையில நெய்யச் சொல்லி போட்டோ குடுத்தாரு. நூல் சுத்தற தார்க்குச்சி மாதிரி ஒல்லியா, நீட்டு மூக்கு மீன். தலைகீழா நின்னுக்கினு இருந்துச்சு. போட்டோவைத்தான் திருப்பிப் புடிச்சிருக்காருன்னு நெனச்சி, கரையோட நீளவாட்டுல படுக்க வெச்சி நெய்துட்டேன்."

"மீன்னா அப்படித்தானே போகும்?"

"இது பவளப்பாறையில செடியோட செடியா தலைகீழா நிக்குமாம். சின்ன மீனு செடின்னு நம்பிக் கிட்ட வந்தா உறிஞ்சிக்குமாம். படுத்திருந்தா அது ஊசிமீனாம், வேற சாதியாம். நேத்து வந்து பாத்துட்டு வாங்காமலே போயிட்டாரு. வெள்ளிக்கிழமை கல்யாணம். போய் என்ன சொல்றதுன்னே தெரியல."

மற்றவர் துணியை விலக்கிக் கரையைத் தடவிப் பார்த்தார்.

"தலை எந்தப் பக்கம் இருக்குது?"

"முந்தானைப் பக்கம்."

"அப்ப பொண்ணைக் கட்டிப் பாக்கச் சொல்லு. முந்தானை தோள்லேர்ந்து முதுகுல தொங்கும் இல்ல, கரையும் கூடவே தொங்கும். மீன் தானா தலைகீழா நின்னுடும்."

வாலாஜாபாத் தாண்டும்போது ஜன்னலோரத்துக்காரர் கரையின் மறுமுனையைப் பிரித்துப் பார்த்தார்.

"கால்கிட்ட சுத்தி வர்ற கரையில படுத்துக்கினுதானே இருக்கும்?"

"அது ஊசிமீன்னு சொல்லிடு."