இன்று இருபத்தொன்றாம் நாள்

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஆசிரியர் அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் பத்திரிகைக் குடும்பத்தாரே, முன்வரிசையில் கைத்தடியை மடியில் கிடத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மறைந்தவரின் சித்தப்பா அவர்களே, நாற்காலி கிடைக்காமல் சுவரோரம் நிற்கும் பெரியோர்களே, தாய்மார்களே! எல்லோருக்கும் வணக்கம்.

எனக்கு ஐந்து நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். எனக்கு முன்னால் பேசியவர்களுக்குப் பத்து. பரவாயில்லை. துண்டுச்சீட்டு வந்தாலும் நான் முடிக்கும்போதுதான் முடிப்பேன். அதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

மறைந்தவர் நம் பத்திரிகையின் மூத்த மதிப்புரையாளர். ஆண்ட்ராய்டு போன் எது வந்தாலும், அதை வாங்கலாமா வேண்டாமா என்று பதினோரு வருடம் இந்த ஊருக்குச் சொன்னவர். அவருடைய சொந்தப் பெயரை எத்தனை பேர் கூப்பிட்டிருப்பீர்கள்? ‘இருபத்தொண்ணு’ என்றுதானே கூப்பிட்டோம்! டீக்கடையில்கூட, “இருபத்தொண்ணு அக்காவுக்குச் சர்க்கரை கம்மி” என்றுதானே சொல்வார்கள்!

அந்தப் பட்டப்பெயர் எப்படி வந்தது தெரியுமா? வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவர் ஒரு போனை மூன்றே நாளில் பார்த்து எழுதினார். மெலிந்த உடம்பு, கண்ணாடி முதுகு, ஓரம் வளைந்த திரை. “கையில் எடுத்தால் கீழே வைக்க மனம் வராது” என்று எழுதினார். அதைப் படித்துவிட்டு இந்தச் சித்தப்பா அதே போனை வாங்கினார். ஒரு மாதம் கழித்து அவர் வீட்டுக்குப் போன மதிப்புரையாளர் என்ன பார்த்தார்? ஜன்னல் கட்டையில், ஈரத்துணியை விரித்து, அதன்மேல் போன் படுத்திருந்தது.

“என்ன சித்தப்பா இது?”

“இருபது நாள் நல்லாத்தாம்மா இருந்துச்சு. அதுக்கப்புறம் பேசினாலே கொதிக்குது. ஆற வச்சு, ஆற வச்சுப் பேசறேன்.”

“எங்கிட்டச் சொல்ல வேண்டியதுதானே?”

“நீ நல்லாருக்குன்னு எழுதியிருந்தியே. நான்தான் சரியாப் புடிக்கத் தெரியாம புடிக்கிறேனோன்னு நெனச்சேன்.”

அந்த ஈரத்துணிதான், அம்மா அய்யா, அந்த ஈரத்துணிதான்! அடுத்த இதழில் கட்டம் கட்டி, “நான் அவசரப்பட்டேன்” என்று தன் பெயரோடு போட்டார். அதற்குப் பிறகு இருபத்தொரு நாள் கையில் வைத்திருக்காமல் எந்த போனைப் பற்றியும் ஒரு வரி எழுதியதில்லை. மற்றவர்கள் பெட்டியைப் பிரிப்பதையே படம் பிடித்துப் பேர் வாங்கிக்கொண்டிருந்த காலத்தில், இவர் மட்டும் இருபத்தொரு நாள் பொறுத்திருந்தார். திட்டினார்கள். கேலி செய்தார்கள். அசைந்தாரா?

எப்படிப் பார்த்தார் என்பதையும் சொல்ல வேண்டும். ஓடும் பேருந்தில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறுகைக் கட்டைவிரல் திரையின் உச்சிவரை எட்டுகிறதா என்று பார்ப்பார். மேஜையில் வைத்து எழுதும்போது பின்பக்கக் கேமரா மேட்டால் போன் ஆடுகிறதா என்று பார்ப்பார். ஆடினால், எத்தனை மடிப்புத் தாளை அடியில் கொடுத்தால் நிற்கிறது என்று எண்ணி எழுதுவார். கைரேகை உணரியைச் சோதிக்க எதிர்வீட்டுத் தையல்காரியிடம் போவார். ஊசி குத்திக் குத்திக் காய்த்துப்போன விரல் அது. “என் விரலை எந்த போனுக்கும் அடையாளம் தெரியாதுடி, எனக்கே தெரியாது” என்று அந்த அம்மா சிரிப்பார். அந்த விரலுக்குத் திறக்கும் போனைத்தான் இவர் நல்ல உணரி என்று ஒத்துக்கொள்வார். வெயிலில் திரை தெரிகிறதா என்பதற்கு வாசல் காவலாளி சாட்சி. அழிக்கவே முடியாதபடி கம்பெனிக்காரன் திணித்து அனுப்பும் செயலிகளை ஒவ்வொன்றாக எண்ணி, “வீட்டோடு வந்த வேண்டாத விருந்தாளிகள்: பதினேழு” என்று எழுதுவார்.

இருபதாம் நாள் என்னிடம் வருவார். “மாஸ்டர், வயித்தைக் கிழிச்சுப் பாத்துருவோமா?”

நான் எந்தக் கல்லூரிக்கும் போனவனில்லை. ரேடியோவைப் பிரித்துப் பிரித்துக் கற்றுக்கொண்டவன். நான் போனைத் திறந்து, எதைப் பசை போட்டு ஒட்டியிருக்கிறான், எதைத் திருகாணி போட்டு முடுக்கியிருக்கிறான், நாளைக்குப் பழுதானால் சரிசெய்ய முடியுமா என்று சொல்வேன். அவர் ஒவ்வொரு மதிப்புரையின் அடியிலும், “திறந்து பார்த்தவர்: மாஸ்டர்” என்று எழுதி அனுப்புவார். பதினோரு வருடமாக அந்த ஒரு வரி அச்சில் வந்ததே கிடையாது. கேட்டால் இடமில்லை என்பார்கள். மூன்றே சொல்லுக்கு இடமில்லை!

சரி, அதை விடுங்கள். விட மாட்டேன், ஆனால் இப்போதைக்கு விடுகிறேன்.

பின்னால் ஒரு படம் மாட்டியிருக்கிறீர்களே, அதில் அவர் கையில் இருக்கும் போனைப் பாருங்கள். திரையில் ஒட்டிய பிளாஸ்டிக் தாள்கூட உரிக்கவில்லை. பிரிக்காத போனைப் பிடித்துக்கொண்டு அவர் என்றைக்காவது சிரித்ததுண்டா? யாரோ பிடிக்கச் சொல்லி எடுத்த படம் அது.

இப்போது எனக்கும் ஆசிரியர் அவர்களுக்கும் உள்ள தகராறுக்கு வருகிறேன். மறைத்துப் பேச எனக்குத் தெரியாது. மதிப்புரையாளர் நெஞ்சுவலி வந்து இறந்துபோன அன்று, ஒரு புது போன் அவர் சோதனையில் இருந்தது. அன்று பதினாறாம் நாள். அவர் குறிப்பேட்டில் கடைசி வரி, “வெயிலில் திரை தெரிகிறது, காவலாளி ஒத்துக்கொண்டார்.” அவ்வளவுதான். அடக்கம் முடிந்து வந்ததும் நான் அவர் மேஜையிலிருந்து அந்த போனையும் குறிப்பேட்டையும் எடுத்துக்கொண்டு போய்விட்டேன். ஆசிரியர் கூப்பிட்டார்.

“மாஸ்டர், அந்த போன் உங்ககிட்டயா இருக்கு?”

“எங்கிட்டதான் இருக்கு.”

“ஆபீஸ் சாமான் மாஸ்டர் அது. திருப்பி அனுப்பணும்.”

“இன்னும் அஞ்சு நாள் பாக்கி.”

“அவங்களே போயிட்டாங்க. இன்னும் என்ன பாக்கி?”

“அவங்கதான் போனாங்க. நாள் எங்க போச்சு?”

மறுநாள் ஒரு பக்கத்தைக் கொண்டுவந்து காட்டினார்கள். “அவரது கடைசி மதிப்புரை.” அரைப் பக்கத்துக்கு அவர் படம். பத்துக்கு எட்டரை மதிப்பெண். அஞ்சலிதானாம். நாளைக்கு அந்த போன் விற்பனைக்கு வருகிறதாம், ஜனங்கள் அவர் வார்த்தைக்காகக் காத்திருக்கிறார்களாம். நான் கேட்கிறேன்: பதினாறு நாளில் மதிப்பெண் போட்டாரா அவர்? எட்டரை யார் போட்டது? ஈரத்துணியைப் பார்த்த நாளிலிருந்து கட்டிக் காத்த ஒரு சொல்லை, அவர் கண்மூடி ஐந்து நாளில், அவர் பெயராலேயே உடைப்பதா அஞ்சலி?

துண்டுச்சீட்டு வந்துவிட்டது. பார்த்தேன். பையில் போட்டுக்கொண்டேன்.

ஆகவே மிச்ச நாட்களை நான் பார்த்தேன். என்னால் உட்கார முடியவில்லை, படுக்க முடியவில்லை. போனைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக அலைந்தேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அது பழுதாக வேண்டும் என்றுதான் அலைந்தேன். ஒரே ஒரு கோளாறு வந்தால் போதும், எட்டரையை ஆசிரியர் மேஜையில் போட்டு உடைத்துவிடலாம் என்று அலைந்தேன். வெயிலில் வைத்தேன். சூடாகு, சூடாகு என்று மனதுக்குள் சொன்னேன். ஆகவில்லை. ஈரக்கையால் தொட்டேன். சொன்னபடி கேட்டது. தையல்காரியிடம் கொண்டுபோனேன். மூன்றாவது தடவைதான் திறந்தது. “இவ்வளவுதானா குறை?” என்று தொங்கிப்போன என் முகத்தைப் பார்த்துவிட்டு அந்த அம்மா, “என்ன மாஸ்டர், திறக்கலைன்னாதான் சந்தோஷமா?” என்றார். நேற்று வயிற்றைக் கிழித்தேன். பேட்டரியைப் பசை போட்டு அப்பாமல், இழுத்தால் கையோடு வரும் நாடா வைத்து உட்கார்த்தியிருக்கிறான், புண்ணியவான். என்ன செய்ய? போன் நன்றாகத்தான் இருக்கிறது. அவர் இருந்தால் அதைத்தான் எழுதியிருப்பார். நானும் அதைத்தான் எழுதினேன்.

இன்று இருபத்தொன்றாம் நாள். இருபத்தொன்றாம் நாள் அவர் எங்கே போவார் என்று அலுவலகத்தில் யாருக்காவது தெரியுமா? சித்தப்பா வீட்டுக்குப் போவார். போனை அவர் கையில் கொடுத்துவிட்டு, வாசலுக்கு வெளியே போய் நின்றுகொண்டு ஒரே கேள்வி கேட்பார். “சித்தப்பா, நான் பக்கத்துல இல்லாம இதை ஓட்டிப்பீங்களா?” முடியாது என்று சித்தப்பா சொன்னால், எது முடியவில்லை என்று இரண்டு மூன்று நாள் வந்து உட்கார்ந்து பார்ப்பார். அரை மதிப்பெண் குறைப்பார்.

இன்று காலை நான் போனேன். போனைக் கையில் கொடுத்தேன். அதே வாசலில் நின்று கேட்டேன். சித்தப்பா எழுத்தைப் பெரிதாக்கினார். டார்ச்சை ஏற்றி அணைத்தார். எனக்கே ஒரு அழைப்பு போட்டார். அப்புறம் சொன்னார், “ஓட்டிப்பேன் மாஸ்டர்.” போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, “ஒரு தப்பு பண்ணியிருக்கேன்” என்றார்.

“என்ன தப்பு?”

“போன வருஷம் நீலக் கலர்ல ஒரு போன் கொண்டாந்தா. தங்கமான போன். எனக்குப் புரியலைன்னு சொல்லிட்டேன்.”

“ஏன்?”

“புரிஞ்சுதுன்னா அன்னிக்கே கிளம்பிருவாளே. மூணு நாள் கூட வந்து உக்காந்தா.”

“மத்த போனெல்லாம்?”

“மத்ததெல்லாம் நிஜமாவே மோசம்ப்பா.”

சிரியுங்கள், தப்பில்லை. நானும் சிரித்தேன். அப்புறம் சிரிக்க முடியவில்லை. சித்தப்பாவின் சம்மதத்தோடுதான் இதைச் சொல்கிறேன். அந்த நீல போனுக்கு, “வயதானவர்கள் கைக்கு ஒத்துவராது” என்று அவர் எழுதினார். அது பிழை. இருந்திருந்தால் அடுத்த இதழிலேயே கட்டம் கட்டிப் போட்டிருப்பார்.

ஆசிரியர் அவர்களே! இதோ குறிப்பேடு, இருபத்தொரு நாளும் நிரம்பியிருக்கிறது. இதோ உங்கள் போன். அந்தப் பக்கத்தை இனி அச்சடியுங்கள். பதினாறு நாள் அவர் பார்த்தது, ஐந்து நாள் மற்றவர்கள் பார்த்தது என்று பிரித்துப் போடுங்கள். எட்டரையை எடுத்துவிடுங்கள். மதிப்பெண் போடும் கை போய்விட்டது, அந்த இடம் காலியாக இருக்கட்டும். நீல போனுக்குத் திருத்தம் போடுங்கள். அந்த போனை நாளைக்கே நான் மறுபடி கையில் எடுக்கிறேன். நாளை அதற்கு முதல் நாள். இனி இந்தப் பத்திரிகைக்கு வரும் ஒவ்வொரு போனும் இருபத்தொரு நாள் நடந்துதான் அச்சுக்குப் போகும். தையல்காரி இருக்கிறார், காவலாளி இருக்கிறார், திருப்புளியோடு நான் இருக்கிறேன். இருபத்தொன்றாம் நாள் சித்தப்பாவைக் கேட்போம். அவருக்குப் புரிந்தாலும் புரியாவிட்டாலும் மூன்று நாள் கூடவே போய் உட்காருவோம்.

முடிக்கிறேன். இந்தப் படத்துக்கு முன்னால் நிற்கும்போது அவர் அந்தக் கேள்வியை எல்லோரையும் கேட்பதுபோல் இருக்கிறது. “நான் பக்கத்துல இல்லாம ஓட்டிப்பீங்களா?” சித்தப்பா பதில் சொல்லிவிட்டார். மேடையில் இருப்பவர்களும் எனக்கு முன்னால் பேசும்போதே ஆளாளுக்குச் சொல்லிவிட்டார்கள்.

நான் இன்னும் சொல்லவில்லை. எனக்கு இருபத்தொரு நாள் கொடுங்கள்.