நாலு விரல் குறைந்தது

உழுத்தங்கஞ்சிக்கு வெந்தயம் கொஞ்சமாகத்தான் போட வேண்டும். கூடிப்போனால் கைக்கும். என் மகள் தயாளினி அந்தக் கைப்போடுதான் குடித்தாள். ஒருநாளும் முகம் சுளித்ததில்லை.

சிசிலியா, நீங்கள் பாண்டிச்சேரிப் பிள்ளை என்றாலும் என் தமிழ் உங்களுக்கு விளங்கும். நான் சொல்வதை இந்தப் பொலிஸ் ஐயாவுக்கு அப்படியே பிரெஞ்சில் சொல்லுங்கள். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். என் மகள் களவாக ஊக்கமருந்து குடித்தாள் என்று கரப்பந்துச் சங்கத்தில் பேசுகிறார்களாம். களவு செய்கிற பிள்ளையை நான் பெறவில்லை. அதைச் சொல்லத்தான் ஒருவரும் கூப்பிடாமலே வந்தேன்.

நான் இங்கே பாரிசில், லா ஷப்பலில் ஒரு சாப்பாட்டுக்கடைக் குசினியில் சமையல் வேலை. வீடும் பக்கத்தில்தான். மகளுக்குப் பதினாறு வயது. என்னைவிட ஒரு தலை உயரம், ஊதினால் பறந்துவிடுவாள் போல உடம்பு. ஆனால் வலைக்குப் பக்கத்தில் எழும்பினால் பந்தை மேலேயிருந்து அறைவாள். எங்கள் கட்டட முற்றத்துச் சுவரில், சோக்கட்டியோடு எழும்பிக் கோடு கீறுவாள். மாதத்துக்கு மாதம் கோடு மேலே போனது.

அவளுக்குப் பழக்குகிறவள் ஷார்லோத். நல்ல மனுசி. ஒருநாள் தாய் தகப்பன்மாரைக் கூப்பிட்டு இருத்தி, பலகையில் படம் கீறி விளங்கப்படுத்தினாள். தசை வைத்தால் பிள்ளை உயர எழும்புமாம். சும்மா கொழுப்பு வைத்தால் அத்தனையையும் கால்தான் தூக்க வேண்டுமாம், எழும்பும் உயரம் குறைந்துவிடுமாம். பிள்ளைகளைப் பட்டினி போடவும் கூடாதென்றாள். மகள் பக்கத்தில் இருந்து எனக்குத் தமிழில் சொன்னாள். நான் கவனமாகக் கேட்டேன்.

கடைசியாக ஷார்லோத் இன்னொன்றும் சொன்னாள். பங்குனியில் தெரிவு நடக்கும். அதில் வென்றால், தெற்கே விளையாட்டு விடுதியில் தங்கிப் படிக்கலாம். மகளுக்குத் தலைகால் தெரியவில்லை.

"ரெண்டு வருசம்தானே அம்மா. போயிட்டு வாறன்" என்றாள்.

இதே சொல்லை எனக்கு ஏற்கெனவே ஒருவர் சொன்னார். 2009 சித்திரையில், வன்னியில், பதுங்குகுழி வாசலில் நின்று அவளுடைய தகப்பன் சொன்னார். தண்ணீர் எடுக்கப் போனவர், இன்னும் வரவில்லை. இதை நான் சாட்டாகச் சொல்லவில்லை. ஐயா பரிதாபப்படத் தேவையில்லை என்றும் சொல்லுங்கள்.

கலியாணத்துக்கு முந்திக் கன்னத்தில் சதை வைக்கவென்று எங்கள் பெண்டுகள் சிலர் குடிக்கிற குளிசை ஒன்று இருக்கிறது. உங்கள் பக்கத்தில் மாத்திரை என்பீர்கள். ஊருக்குப் போய்வந்த ஒருத்தியிடம் வாங்கினேன். பொடியாக்கிக் காலைக் கஞ்சியில் கலந்தேன். கைப்பு தெரியாமலிருக்க வெந்தயத்தைக் கூட்டினேன். கத்தி எடுத்தேனா? கை நீட்டினேனா? சாப்பாடு கொடுத்தேன்.

முதலில் முகம் வட்டமானது. கடைக்கு வந்த பெண்டுகள், "பிள்ளை இப்பதான் வடிவா இருக்கிறாள்" என்றார்கள். எனக்குச் சந்தோசம்தான், ஏன் ஒளிக்க வேண்டும்? பிறகு வயிறும் இடுப்பும் வைத்தன. சுவரில் கோடு நாலு விரல் குறைந்தது. அன்றைக்கு முற்றத்தில் குந்தியிருந்து அழுதாள்.

சோற்றை விட்டாள். பாண் துண்டையும் விட்டாள். விடியக் குளிருக்குள் ஓடினாள். உடம்பு இறங்கவில்லை. தன்னில்தான் பிழை என்று கண்ணாடியைத் துணியால் மூடிவிட்டாள். எல்லாவற்றையும் விட்டவள் என் கஞ்சியை மட்டும் விடவில்லை. "இது ஒண்டுதான் அம்மா எனக்கு ஒத்து வருது" என்பாள். எனக்கு நெஞ்சு எரிந்தது. ஆனால் அழுகிற பிள்ளை வீட்டில் இருக்கிற பிள்ளை. அடுத்த நாளும் காய்ச்சினேன்.

பங்குனி வந்தது. நான் முன்வரிசையில் இருந்தேன். மகள் மூன்றாம் தரம் எழும்பி இறங்கும்போது முழங்கால் உள்ளே மடிந்தது. அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. போட்டிக்கு வந்த பிள்ளைகளிடம் அன்று சோதனைக்குச் சிறுநீர் எடுத்திருந்தார்கள். அதில் அந்தக் குளிசை மருந்து பிடிபட்டது, விளையாட்டில் தடைசெய்த சாமானாம். உயர எழும்பக் குடித்தாளாம். எழும்பக் கூடாதென்று நான் கொடுத்ததை. சங்கத்துக்காரரின் முன்னால் அவள் தனக்கு ஒன்றும் தெரியாதென்று தலையில் அடித்துச் சொன்னாள். ஒருவரும் நம்பவில்லை.

முந்தாநாள் ஷார்லோத் வீட்டுக்கு வந்தாள். முழங்காலைச் சத்திரசிகிச்சை செய்து சரிப்படுத்தலாமாம். பிள்ளை குற்றமில்லாதவள் என்று காட்டினால், அடுத்த வருசம் தெற்கே இடம் கேட்கலாமாம். மகள் எத்தனையோ நாளுக்குப் பிறகு சிரித்தாள். காலைக் கட்டிலில் நீட்டியபடியே, பழைய கோட்டைத் தாண்டிக் காட்டுகிறேன் என்றாள்.

ஐயா எழுதிக்கொள்ளட்டும். அவள் குற்றமில்லாதவள். செய்தவள் நான். வெட்கப்படவும் இல்லை, மன்னிப்புக் கேட்கவும் இல்லை. என் பிள்ளையின் பெயரை நானே சுத்தமாக்கிவிட்டேன்.

இன்று விடியவும் கஞ்சி கொடுத்துவிட்டுத்தான் வந்தேன். குளிசை இரண்டு போட்டேன், வெந்தயமும் கூட. வழித்துக் குடித்துவிட்டு, "போயிட்டு வாங்கோ அம்மா" என்றாள்.

மத்தியானத்துக்குள் என்னை விட்டுவிடுவாரா என்று ஐயாவிடம் கேளுங்கள், பிள்ளை. காலும் ஏலாமல் கிடக்கிறாள். அவளைப் பார்க்க என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?