கெடுத்துக் கொடுக்க வேண்டிய பேனல்

ஓமலூர் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இருவர்: சட்டைப்பையில் டெஸ்டர் செருகிய எலக்ட்ரீசியன், பக்கத்தில் போர்வெல் ரிக் ஓட்டும் டிரைவர்.

“அண்ணா, நீங்க ரிப்பேர் பண்ணுன பெல்லு பேனலத் திரும்பக் கெடுத்துக் குடுக்கோணுமுங்க” என்றார் டிரைவர்.

“ஏனுங்க? ஆளுங்க படுக்கற டிரெய்லர்ல யாரும் சுச்சு அமுக்காமயே உங்க கேபின்ல பெல்லு அடிக்குதுன்னீங்க. மூணாம் படுக்கை ஒயர் உரசிக் கெடந்துச்சு, கழட்டிட்டேன். நின்னுபோச்சல்லங்க?”

“நின்னுபோச்சுங்க. முன்னெல்லாம் அடிச்சா, ‘இருக்கறஞ் சாமி, தூங்கு’ம்பேன். அடங்கிரும்.”

“அது யாரு படுக்கைங்க?”

“பழனியோடதுங்க. மாசியில ரிக்குல காத்து ஓஸ் வெடிச்சுச் செத்தானே, அவன்.”

எலக்ட்ரீசியன் டெஸ்டரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

“அதான் இப்ப பெல்லு அடிக்கலீங்களே?”

“அதாங்க. இப்ப அவன், வண்டி ஓடறப்பவே டிரெய்லர உட்டு எறங்கி வந்து, கேபின் கதவத் தட்டறானுங்க.”