ஆயுத பூஜையன்று ஓடிய மோட்டார்

கரண்ட் சமாசாரத்தில் எனக்குத் தெரிந்ததெல்லாம், பல்பு எரிந்தால் இருக்கிறது, எரியாவிட்டால் இல்லை என்பதுதான். ரேடியோ முள்ளைத் திருச்சியில் நிறுத்தப் போய்ச் சிலோனில் நிறுத்துகிறவன் நான். தாண்டவராயன் தானாகவே ஓடும் மோட்டார் வைத்திருக்கிறான் என்று உத்திரமேரூர் முழுக்கப் பேச வேண்டும் என்கிற ஆசை மட்டும் இருந்தது. ஆசைக்கு லைசென்ஸ் கேட்கிறார்களா, ஐயா?

கரண்ட் வேளைகெட்ட வேளையில் வருகிறது. வந்தவுடன் மோட்டார் தானே ஓட வேண்டும். அதற்கு இரண்டு வழி இருந்தது. ஒன்று, பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் கடை வைத்திருக்கும் வயர்மேன் அத்தாவுல்லா. அவன் மோட்டார் இருக்கும் என் வயல் கிணற்றைச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னான்:

“கடையில விக்கிற ஆட்டோ பொட்டிக்கு உங்க கெணறு இன்னா தெரியும்ணே? நானே வயர் பண்ணிக் குடுக்கறேன். ஆளு எறங்கினா நிறுத்தி வெக்கறதுக்குக் கெணத்தாண்டயே தனியா ஒரு சுவிச்சு போட்டுடலாம்.”

இன்னொன்று, காஞ்சிபுரத்துக் கடையில் இருந்த ரெடிமேட் பெட்டி. “ஆளே வேணாம் சார். இந்தத் திருகு சுவிச்சை ஆட்டோல வெச்சிட்டு நீங்க பாட்டுக்குப் படுங்க,” என்றான் கடைக்காரன். அத்தாவுல்லாவை வைத்தால் என் மோட்டாரைப் பற்றி என்னைவிட அவனுக்கு அதிகம் தெரிந்துவிடும். அது எனக்குப் பொறுக்கவில்லை. பெட்டியை வாங்கி நானே மாட்டினேன். முதல் நாள் மோட்டார் தானாக ஓடியபோது, பெற்ற பிள்ளை நடந்ததுபோல் கைதட்டினேன்.

ஆயுத பூஜை வந்தது. அன்று மோட்டார் ஓடக்கூடாது. கரண்ட் வராதபடி பெட்டியின் பீஸ் கட்டைகள் மூன்றையும் பிடுங்கி, சந்தனம் குங்குமம் வைத்து, இலையில் படைப்பது எங்கள் வழக்கம். என் மனைவி சுலோச்சனா இதில் ரொம்பக் கண்டிப்பு. ஆனால் நடவு வயல் காய்ந்து கிடந்தது. அந்த வாரம் எங்களுக்குச் சாயங்கால முறை; அந்தக் கரண்டை வீணாக விட எனக்கு மனமில்லை. தகர டப்பாவில் கிடந்த பழைய கட்டைகளுக்குப் பொட்டு வைத்துப் படைத்தேன். நிஜக் கட்டைகள் பெட்டியிலேயே இருந்தன. சாமியையே ஏமாற்றிவிட்டேன் என்று உள்ளுக்குள் ஒரு சிரிப்பு.

என்னிடம் வேலை செய்த வீராசாமி, மாலையும் சந்தனக் கிண்ணமுமாக வந்து நின்றான். மோட்டார் கிணற்றுக்குள் மேடையில் இருக்கிறது. அதற்கும் பொட்டு வைத்து மாலை போட வேண்டுமே.

“நைனா, பீசு புடுங்கியாச்சா? எறங்கட்டா?”

பக்கத்தில் சுலோச்சனா கற்பூரத் தட்டோடு நின்றாள். அவள் எதிரில் எப்படிச் சொல்வது? இலையைக் கைகாட்டினேன். அவன் அதைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு இறங்கினான். சுலோச்சனா வீட்டுக்குப் போனாள். கரண்ட் சாயங்காலம்தானே வரப்போகிறது என்று, கட்டைகளைப் பிடுங்காமல் நான் மோட்டார் கொட்டகையிலேயே நின்றேன்.

மில்லெல்லாம் பூஜைக்கு மூடிக் கிடந்தால் கரண்ட் மிச்சமாகும், சீக்கிரமே வந்துவிடும் என்பது எனக்குத் தெரியாது. அத்தாவுல்லாவைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பான். மோட்டார் ஓடியது. மாலையோடு அவன் துண்டையும், துண்டோடு கையையும் சுற்றி இழுத்தது.

பூஜையில் இருந்த கட்டைகளைக் குடிவெறியில் அவனே எடுத்து மாட்டிவிட்டு இறங்கினான், நான்தான் ஓடிவந்து பிடுங்கினேன் என்று, இன்ஸ்பெக்டர் ஐயா, உங்களிடம் முதலில் சொன்னேன். வீராசாமி கள்ளைத் தொட்டதில்லை. காலையில் வைத்த பொட்டு காய்ந்திருக்க வேண்டும், நீங்கள் தொட்டதும் விரலில் ஒட்டியது. அந்தப் புத்தி எனக்கு இல்லை.

அவன் கத்தியபோது மெயின் சுவிட்ச் என் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. இழுக்கவில்லை. நிஜக் கட்டைகளில் பொட்டு இல்லையே என்பதுதான் முதலில் தோன்றியது. பழைய கட்டைகளை மடியில் கட்டிக்கொண்டு, சந்தனம் எடுத்துவர வீட்டுக்குப் போனேன். போகும்போது, “நைனா, நைனா” என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். திரும்பி வந்தபோது மோட்டார் சத்தம் மட்டும்தான் கேட்டது. வலி விட்டுவிட்டது போலிருக்கிறது என்று நினைத்து, கட்டைகளைப் பிடுங்கி நிதானமாகப் பொட்டு வைத்தேன்.