வரிசையை மட்டும்தான் மாற்றினேன்

சூடாமணி வைக்கும் வத்தக்குழம்பு மயிலாப்பூரில் வேறு எந்த வீட்டிலும் கிடைக்காது. என் மனைவி என்பதால் சொல்லவில்லை. சாப்பிட்டுப் பார்த்தால் நீங்களே ஒப்புக்கொள்வீர்கள்.

தொண்ணூற்று நான்கில் அவள் செஸ் ஆடும் ப்ரோகிராம் ஒன்று எழுதினாள். என்னை அது சுலபமாகத் தோற்கடித்துவிடும். எனக்குச் சிரிப்பாகவும் பெருமையாகவும் இருக்கும். அது அவ்வளவு வேகமாக ஆடும் சூட்சுமத்தை அவளே சொல்லித்தந்தாள்.

"நல்ல கத்திரிக்கா மொதல்லயே கைல கெடச்சுட்டா மிச்சக் கூடையைக் கிளறுவேளா? நல்ல மூவை மொதல்ல பாத்துட்டா மத்ததுல முக்கால்வாசியைப் பாக்கவே வேண்டாம்."

"வரிசை தலைகீழா இருந்தா?"

"பதில் அதேதான் வரும். ஆனா வரதுக்குள்ள விடிஞ்சுடும்."

ப்ரோகிராமில் அந்த வரிசையைத் தீர்மானிக்கும் வரி எது என்றும் காட்டினாள். ஆசையாகத்தான் காட்டினாள்.

நந்தனத்தில் ஒரு கம்பெனி அதைப் பார்க்கக் கூப்பிட்டது. பிடித்துப்போனால் அவளுக்குப் பெங்களூரில் வேலை. "நீங்களும் பேங்க்ல மாத்தல் கேட்டு வந்துடுங்கோளேன்" என்றாள். நானும் யோசித்துப் பார்த்தேன். மயிலாப்பூரை விட்டுவிட்டு யாராவது போவார்களா?

அன்று காலை அவள் தலை வாரிக்கொண்டிருந்தபோது, எடுத்துப்போகும் ஃப்ளாப்பியில் மட்டும் அந்த வரியை மாற்றி கம்பைல் செய்து வைத்தேன். மூவ்களில் அதிக மதிப்பெண் வாங்கியது முதலில் என்றிருந்ததைக் குறைந்தது முதலில் என்று ஆக்கினேன், அவ்வளவுதான். ஒரு காய் நகர்த்தலைக்கூட நான் கெடுக்கவில்லை. சரியான பதிலைத்தான் அது அங்கே தேடிக்கொண்டிருந்தது. கம்பெனிக்காரர்களுக்குத்தான் பொறுமை இல்லை. ஆனாலும் நல்ல மனிதர்கள், டீ கொடுத்து அனுப்பினார்கள்.

மாலையில் அதே ஃப்ளாப்பியை அழித்து, எங்கள் மகள் வர்ஷினிக்கு ஒரு கார் பந்தய விளையாட்டு ஏற்றிக் கொடுத்தேன். குழந்தை குதித்தாள்.

சூடாமணி வீட்டுக் கம்ப்யூட்டரில் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தாள். "இங்க ஜம்முனு ஓடறது. அங்க ஏன் படுத்துடுத்து?"

"ஆத்துல நன்னா ஓடறதோல்லியோ, அது போறாதா?" என்றேன்.

இரண்டு வாரம் தேடினாள். வீட்டிலிருந்ததில் தப்பே இல்லை, பாவம், எப்படிக் கிடைக்கும்? பிறகு கம்ப்யூட்டர் மேல் உறையைப் போட்டு மூடிவிட்டாள். வீடு பழையபடி கலகலப்பாகிவிட்டது. வத்தக்குழம்பும் முன்னைவிட ருசி.

போன வாரம் வர்ஷினி, பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் பாடம் எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டாள். "அதெல்லாம் நம்மளுக்கு வராதுடி. அம்மா பட்டது போறும்" என்றாள் சூடாமணி.

எனக்கு மனசு கேட்கவில்லை. உனக்கா வராது, அப்படியெல்லாம் சொல்லாதே என்று சூடாமணியின் தோளைத் தட்டிக்கொடுத்தேன். அவள் திறமையை நம்ப இந்த வீட்டில் நான் ஒருவனாவது இருக்கிறேனே.