கஞ்சிப் பெட்டி

அட்டைப் பெட்டியில் பெயர்ச்சீட்டு ஒட்டுவதற்கு முன் உலர்ந்த துணியால் நன்றாகத் துடைக்க வேண்டும், ஐயா. பேஸ்மன்று நிலத்துக்குக் கீழே இருப்பதால் ஈரம் அதிகம். துடைக்காமல் ஒட்டினால் ஒரு மாதத்தில் மூலை கிளம்பிவிடும். என் சீட்டு ஒன்றுகூடக் கிளம்பியதில்லை. உங்கள் பொலிஸ் ஆட்கள் எடுத்துப்போன நாற்பத்தாறு பெட்டிகளையும் பார்த்தால் தெரியும்.

உங்கள் அறிக்கையை இந்த மொழிபெயர்ப்பாளர் பிள்ளை சந்திரவதனா எனக்கு வாசித்துச் சொன்னார். அதில் ஓர் இடம் பிழை. அதைத் திருத்தத்தான் நானாக வந்தேன். ஒருவரும் என்னைக் கூப்பிடவில்லை.

என் பெயர் மாமாங்கம். மட்டக்களப்புப் பக்கம். வயது நாற்பத்தாறு. இங்கே ரெக்ஸ்டேலில் ஒரு தொழிற்சாலையில் பெட்டி ஏற்றுகிற வேலை. ஊரில் வயலும் மாடும்தான் தெரியும். பள்ளிக்கூடத்து வாசலில் மழைக்கு ஒதுங்கியிருக்கிறேன், அவ்வளவுதான். இந்த நாட்டுக்கு வந்த பிறகு, நாற்பத்தொரு வயதில், அஜின்கோர்ட்டில் நிசாந்தினி ரீச்சரிடம் 'அ' எழுதப் பழகினேன். இரண்டு குளிர்காலம் எடுத்தது. பழகி முடிந்த பிறகுதான் தெரிந்தது, எனக்குக் கடிதம் எழுத ஆள் இல்லை என்று. ஊரில் இருந்தவர்கள் போய்விட்டார்கள். எழுத்து கைக்கு வந்தது, எழுத ஒன்றும் இல்லை.

வின்சன்ற் அண்ணைதான் எனக்கு எழுத்து வேலை தந்தார்.

அவர் மன்னார் ஆள். அவருடைய அஜின்கோர்ட் வீட்டின் பேஸ்மன்றில் நான் வாடகைக்கு இருந்தேன். என் கட்டிலுக்கு அப்பால், மறைப்புத் துணிக்கு மற்றப் பக்கத்தில், அவருடைய வேலை மேசை. சனிக்கிழமை இரண்டு மணிக்கு இறங்கி வருவார். சுட்டு முடிந்த வெறுங்கோதுகளில் வெடிமருந்தும் ஈயச் சன்னமும் திரும்ப அடைத்துத் தோட்டா செய்வார். அவர் துப்பாக்கி சுடப் போகிற கிளப்பில் அதை ஷெல் என்பார்கள். எங்களுக்கு ஷெல் என்றால் வானத்திலிருந்து விழுவது. அதனால் நாங்கள் தோட்டா என்றே சொல்லுவோம்.

அவரிடம் இரண்டு துவக்கு. ஒன்று புதியது, எதையும் தாங்கும். மற்றது அறுபது எழுபது வருடப் பழைய இரட்டைக்குழல். குழல் மெலிந்தது, மென்மையான தோட்டாதான் போடலாம், கடுமையானது போட்டால் குழல் வெடிக்கும். பழையதைக் கிழவி என்பார், புதியதைக் குமரி என்பார். கிழவியால் பறக்கிற மண் தட்டுகளைச் சுடுவார், குமரியோடு வடக்கே தாரா வாத்து வேட்டைக்குப் போவார். கிழவிக்குக் கஞ்சி, அதாவது மருந்து குறைந்த தோட்டா; குமரிக்குக் கொத்துரொட்டி, மருந்து கூடியது. இதுதான் எங்கள் கணக்கு. பெட்டியில் நான் அப்படியே எழுதுவேன்.

தமிழில் எழுதச் சொன்னது அவர்தான். ஒருவர் அடைத்த தோட்டாவை இன்னொருவர் சுடக்கூடாது என்பது அந்த விளையாட்டில் முதல் சட்டம். ஆனாலும் கிளப்பில் கைமாறிப் போகும். தமிழில் எழுதினால் யார் தொடுவான் என்றார்.

மேசையில் எந்த நேரமும் ஒரேயொரு மருந்து டின்தான் நிற்கும். ஒரேயொரு பெட்டிதான் திறந்திருக்கும். நிறைந்ததும் மூடி, துடைத்து, எழுதி, ஒட்டி, அடுக்கில் வைத்த பிறகுதான் அடுத்தது. முதல் இரண்டு வருடம் ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு தோட்டாவை வெட்டிப் பார்ப்பார். பிறகு விட்டுவிட்டார். "உன்ர எழுத்து இருக்கேக்க எனக்கென்ன சோதினை" என்றார். ஐயா, அந்த வார்த்தையை நான் ரெக்ஸ்டேல் பஸ்ஸில் இரண்டு கிழமை வைத்துக்கொண்டு திரிந்தேன்.

அவருடைய மனைவி கிளடிஸ் அக்கா படியில் நின்று கூப்பிடுவார். "மாமாங்கம், உந்த மனிசனுக்கு மூண்டு பெண்சாதி. குமரி, கிழவி, நான். தேத்தண்ணி கேட்க மட்டும் என்ர ஞாபகம் வருது."

"உனக்கும் இனிக் கஞ்சி காணுமப்பா" என்பார் அண்ணை.

"ஓம், ஓம். வெடிச்சால் தெரியும்."

நான் சிரிப்பேன். கிழமையில் அந்த ஒரு நாள்தான் என் குரல் எனக்குக் கேட்கும்.

செப்டெம்பரில் ஒரு சனிக்கிழமை அவர் மேசைக்கு வந்து உட்கார்ந்தார், தோட்டா அடைக்கிற அச்சைத் தொடவில்லை.

"நவம்பரில பிக்கரிங் போறம். புது வீடு" என்றார்.

"நல்லம் அண்ணை. மேசையை நான் கழற்றித் தாறன்."

"அங்க பேஸ்மன்ற் முடியேல்லை. கிளடிஸின்ர தங்கச்சி ஆக்களும் வருகினம். நீ ரெக்ஸ்டேல்ல ஒரு அறை எடுத்தியெண்டால் வேலைக்கும் கிட்ட."

"அப்ப தோட்டா?"

"இனிக் கடையில வாங்குவமடாப்பா. உதெல்லாம் மினக்கெட்ட வேலை."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. நான் கோபப்படவில்லை, அதைத் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள். கோபக்காரன் செய்கிற வேலை கோணலாக இருக்கும். நான் ஐந்து கிழமை யோசித்தேன். அவருடைய கையில் ஒரு காயம் என்றால் வீடு மாறுவது தள்ளிப்போகும். சட்டைப் பொத்தான் போட, சப்பாத்து நாடா கட்ட, துவக்குத் துடைக்க ஒரு ஆள் வேண்டும். கிளடிஸ் அக்காவுக்கு வேலை இருக்கிறது. விரல் ஒன்று, கூடினால் இரண்டு. அவருக்குப் பத்து இருந்தது.

முன்னெல்லாம் கஞ்சிக்கு மஞ்சள் கோது, கொத்துக்குச் சிவப்பு. அந்த வருடம் மஞ்சள் கோதுகள் கிழிந்து முடிந்துவிட்டன. கிளப்பில் நான் பொறுக்கிக்கொண்டு வந்ததெல்லாம் சிவப்பு. ஆகவே எது எது என்று சொல்ல என் எழுத்தைத் தவிர வேறொன்றும் இல்லை.

ஒக்டோபர் பன்னிரண்டு, சனிக்கிழமை. அண்ணை தேத்தண்ணி குடிக்க மேலே போனார். கொத்துப் பெட்டி ஒன்றைத் திறந்து இருபத்தைந்தையும் வெறும் பெட்டி ஒன்றுக்கு மாற்றினேன். துடைத்தேன். எழுதினேன்: கிழவி, கஞ்சி, இருபத்தைந்து, தேதி. அதுதான் நான் எழுதியதிலேயே வடிவான சீட்டு. சுழிகள் எல்லாம் நின்றன.

அடுத்த நாள் கிளப்பில் நல்ல குளிர். வழக்கமாக அண்ணைக்கு ஓரடி பின்னால், இடது முழங்கைப் பக்கம், பெட்டியை ஏந்திக்கொண்டு நிற்பேன். அன்று பெட்டியை அவர் பக்கத்து வாங்குப் பலகையில் வைத்துவிட்டுத் தூணுக்குப் பின்னால் நின்றேன். காற்று அடித்தது.

முதல் தட்டு உடைந்தது. இரண்டாவதும் உடைந்தது. கிழவி நான் நினைத்ததைவிட நல்ல இரும்பு. அண்ணை தோளைத் தேய்த்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"மாமாங்கம், கஞ்சியில உறைப்புக் கூடிப்போச்சோ?"

"குளிருக்கு அப்பிடித்தான் இருக்கும் அண்ணை" என்றேன்.

ஓமெனத் தலையாட்டினார். பெட்டியின் சீட்டை ஒருமுறை பார்த்தார். அடுத்ததைப் போட்டார்.

குழல் வெடித்தது. கையோடு நிற்கும் என்றுதான் நான் நினைத்தேன். குழலின் ஒரு துண்டு கழுத்துக்குப் போனது. அம்புலன்ஸ் வரும்வரை அவர் தலையை என் மடியில் வைத்திருந்தேன். கிளப் ஆட்கள் பார்த்தார்கள். அவர்கள் சொன்னது உங்கள் அறிக்கையிலும் இருக்கிறது.

செத்தவீட்டில் எல்லோரும் என்னைத் தேற்றினார்கள். கிளடிஸ் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீர் வேணுமெண்டு செய்யேல்லை மாமாங்கம். எழுத்துத் தெரியாத ஆளிட்ட உதை விட்டது அவற்ற பிழை" என்று அழுதார். ஒரு ஏச்சுக்கூட இல்லை. பிறகு பிக்கரிங்கில் தங்கச்சியோடு இருக்கப் போய்விட்டார். மேசையை யாரோ வந்து ஏற்றிப் போனார்கள். இப்போது பேஸ்மன்றில் மறைப்புத் துணி மட்டும் தொங்குகிறது. அதை நான் கழற்றவில்லை.

நீங்களும் அதையே எழுதியிருக்கிறீர்கள். பிந்தி எழுத்துப் பழகியவர், இரண்டு பெட்டிகளைத் தவறுதலாக மாற்றி ஒட்டிவிட்டார் என்று. அதுதான் பிழையான இடம், ஐயா. அந்த மேசையை நீங்கள் பார்த்தீர்கள். ஒரு டின், ஒரு பெட்டி. அப்படி ஒரு மேசையில் தவறுதல் நடக்காது. 'தவறுதலாக' என்பதை வெட்டிவிட்டு 'தெரிந்தே' என்று எழுதுங்கள். நிசாந்தினி ரீச்சர் என்னைப் பிழையாகப் பழக்கவில்லை. வின்சன்ற் அண்ணையும் என்னைப் பிழையாக நம்பவில்லை. வேறொன்றுக்காகவும் நான் வரவில்லை.

நான் வந்து மூன்று மணித்தியாலம் ஆகிறது. இவ்வளவு நேரம் ஒருவர் எனக்கு எதிரே இருந்து கேட்டு நான் பேசி நெடுநாள். சந்திரவதனாப் பிள்ளைக்குத் தொண்டை கட்டிவிட்டது, பாவம். என்னை எங்கே கொண்டுபோனாலும் எனக்குக் குறை இல்லை. இன்னும் கேட்க இருந்தால் நீங்கள் இரண்டு பேருமே வாருங்கள். சனிக்கிழமை இரண்டு மணி என்றால் எனக்கு வசதி.