வாயைப் பிளந்த மீன்கள்

செவிலிமேட்டில் செங்கல் தூக்கியது போதும் என்று நடந்துகொண்டிருந்தேன். தூறல் வலுத்ததால் டவுன் பஸ்ஸில் ஏறினேன். முன் சீட்டில் ஒரு புருஷனும் பெண்டாட்டியும். ஊர்க் குளத்தைக் குத்தகைக்கு எடுத்து மீன் வளர்ப்பவர்கள். வெளியூர் போயிருந்தவரை அந்தம்மா அழைத்துப் போகிறார்.

“மீனுங்க எப்படிம்மா இருக்குது?” என்று கேட்டார் புருஷன்.

“நீகூட என்னப் பாத்து அவ்ளோ ஆசையா வந்ததில்லயா. காலையில போனா அத்தினியும் மேல வந்து வாயப் பொளந்துகினு நிக்குது. பசின்னு தவிடும் புண்ணாக்கும் மூட்டையோட கொட்டிட்டேன்.”

அவர் சிரிக்கவில்லை. “தின்னுச்சா?”

“தொடக்கூட இல்ல.”

“ஐயோ, அது பசியில்லடி. மூச்சு முட்டுது.”

“தண்ணியில இருக்கிறதுக்கு இன்னாயா மூச்சு?”

“தண்ணியில கரைஞ்ச காத்தத்தான் அது இழுக்கும். வெயில் இல்லன்னா பாசி காத்து விடாது, அதான் கொறஞ்சிட்டிருக்குது. நீ கொட்டினது அழுவி மிச்சத்தயும் தின்னுடும். மோட்டார் போட்டு தண்ணிய மேல பீச்சியிருக்கணும்.”

“எனக்கு யாரு சொன்னாங்க?”

அவர் தம்பிக்குப் போன் போட்டார். கேட்டுவிட்டு மடியில் வைத்தார்.

“மீனு செத்து மெதந்து குளமே வெள்ளையா கெடக்குதாம்.”

“அடுத்த வாரம் வலை போடறதா இருந்தோமேயா. ஒரு வருசப் பாடு.”

“அழாத. பஸ்ல எல்லாம் பாக்கறாங்க.”

அவர்கள் இறங்கிய இடத்தில் நானும் இறங்கினேன். மறுநாள் காலை, செத்த மீன்களைக் கூடையில் அள்ளிக் குழியில் கொட்டும் வேலைக்கு அங்கேயே சேர்ந்தேன். வாய் அசைகிற மீன் ஏதாவது இருந்தால் தனியாக வைக்கும்படி அந்தம்மா கரையிலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தார்.